நாற்பது அடிப் படகும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். லங்காவியில் எங்கள் படகின் கூடப்பிறந்தது ஒன்று விற்பனைக்கு நிற்கிறதாம். அதே அச்சு, ஒரு வருடம் மூத்தது. ஆறு மாதமாக வாங்க ஆளில்லாமல் விலையை இரண்டு தடவை இறக்கிவிட்டார்கள். “அண்ணே, நீங்க நாலு வருஷமா வச்சி ஓட்டுறீங்க. எடுக்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

அவர் அழைத்த நேரம் சரியில்லை. நான் படகுக்குள் குப்புறப் படுத்து, தரைப்பலகை ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, முழங்கை வரை கையைப் பக்கவாட்டில் நுழைத்து ஸ்பாஞ்சால் தண்ணீர் ஒற்றிக்கொண்டிருந்தேன். பாய்மரத்தையே கழற்றி ரிப்பேர் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்த ஒரு வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதனால்தான் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன்.

படகு கட்டிய கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டப்போகிறேன் என்று எனக்கே தெரியும். பெயரைச் சொல்லித் திட்டுவது வேறு கணக்கு. இந்த வகைப் படகு ஓட்டுகிறவர்களுக்கு அளவு சொன்னாலே புரியும். 40 அடி, ஏழரை டன், தண்ணீருக்குக் கீழே 2.3 மீட்டர், நுனியில் ஈயக் குண்டு வைத்த ஒல்லிக் கீல் (படகைக் கவிழாமல் பிடிக்கும் அடித்துடுப்பு), ஆழமான ஒற்றைச் சுக்கான், அகன்ற பின்பக்கம், மெயினும் (பெரிய பாய்) ஜிப்பும் (முன்பாய்) சேர்ந்து 88 சதுர மீட்டர் பாய். ஐரோப்பாவில் செய்தது. நாங்கள் மூன்று பேர் கூட்டாக வாங்கினோம்: நான், தங்கையைக் கட்டிய மச்சான், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எங்களோடு இருபது வருடம் வேலை பார்த்த சீன நண்பர். அவரை டவ்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவோம். இருப்பதிலேயே சின்னப் பங்கு அவருடையது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது எண்பதுகளில் கட்டிய 34 அடிப் படகு. தோட்டத்து லோரி மாதிரி. சுக்கானைத் திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றுக்குக் கீழே போனால் எஞ்சின்தான். பினாங்கிலிருந்து லங்காவித் தீவின் கூவா நகர் வரை ஏறக்குறைய 60 கடல் மைல். அதில் பாதிக்கு மேல் டீசல் வாசனையிலேயே போய் வந்தோம். என் தாத்தா ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்திறங்கியவர். அந்தக் கப்பல் கூட எங்கள் பழைய படகை விட நிதானம் தவறாமல் போயிருக்கும் என்று மச்சான் கிண்டல் செய்வார்.

நம் பக்கத்துக் கடலில் வேகம் என்பதற்குப் பொருளே வேறு. படத்தில் வருவதுபோல நுரை தெறிக்கப் பறக்கிற நாள் வருடத்துக்கு நாலைந்து வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் காலையில் கரைக்காற்று, மதியம் ஒரு செத்த நேரம், பிறகு கடல்காற்று, அதுவும் ஏழெட்டு நாட். அந்த ஏழு நாட்டில் எஞ்சின் சாவியைத் தொடாமல் ஆறு நாட் ஓடுகிற படகுதான் மலாக்கா நீரிணையில் வேகமான படகு. இந்தப் படகு ஓடும். நாலு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் கருவியைப் பார்த்துவிட்டு, பொய் சொல்கிறதோ என்று தண்ணீரை எட்டிப் பார்க்கிறேன்.

அதற்குக் கொஞ்சம் கெஞ்சவேண்டும். பேக்ஸ்டேயை (பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) முழுக்கத் தளர்த்தி, மெயினின் மேல்பாகம் சற்றே திறந்திருக்கும்படி ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) விட்டுக்கொடுத்து, ஆட்கள் எல்லாரையும் காற்று போகிற பக்கம், அதாவது படகு சாய்கிற பக்கம், உட்காரவைப்போம். அடி தட்டையாக இருப்பதால் நேராக நின்றால் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு டிகிரி சாய்த்துவிட்டால் நனைகிற பரப்பு குறையும். எடுத்த எடுப்பில் காற்றை முறைத்துக்கொண்டு போகக் கூடாது. பத்து டிகிரி விலகி, முதலில் வேகம் பிடித்து, பிறகு மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வரவேண்டும். வேகம் பிடித்ததும் படகு தனக்கு வேண்டிய காற்றைத் தானே செய்துகொள்ளும். பக்கவாட்டில் ஏழு நாட் வீச, படகு ஆறு நாட்டில் போனால், மேல்தட்டில் நிற்கிறவன் முகத்தில் ஒன்பது நாட் அடிக்கும். சுக்கான் சக்கரத்தில் இரண்டு விரல் போதும். பின்பக்கத்தில் சளசளவென்று ஒரு சத்தம் தொடங்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் எங்கள் படகில் யாரும் பேசமாட்டார்கள். டவ்கேகூட வாயை மூடிக்கொள்வார்.

எல்லாம் அடி சுத்தமாக இருக்கும்வரைதான். நம் தண்ணீர் வெதுவெதுப்பு, கலங்கல். மாதம் ஒரு முறை ஆளை இறக்கிச் சுரண்டாவிட்டால் கொட்டலசு ஒட்டி அரை நாட், ஒரு நாட் என்று தின்றுவிடும். பழைய படகில் இது தெரியவே தெரியாது. மெதுவாகப் போவதில் கொஞ்சம் மெதுவானால் யாருக்குத் தெரியும்?

இப்போது தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் வருடம், தைப் பொங்கலை லங்காவியில் படகிலேயே வைப்போம் என்று தங்கை சொன்னாள். பொங்கலுக்கு முதல் நாள் காலை ஐந்தரைக்கு பினாங்கின் தஞ்சோங் தொக்கோங் பக்கத்திலிருந்து கிளம்பினோம். ஜனவரி மாதம், வடகிழக்குக் காற்று, பத்து பன்னிரண்டு நாட், வலப்பக்கத்திலிருந்து. லங்காவி வரைக்கும் பாயை மாற்றிக் கட்டவே தேவையில்லாத காற்று. கிழக்கே ஜெராய் மலை, 1,217 மீட்டர், காலை வெயிலில் நீலமாக ஏறி நின்றது. கடாரத்துக்கு வந்த மரக்கலங்கள் இதைப் பார்த்துத்தான் கரை பிடித்திருக்கின்றன என்று மச்சான் தன் வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கினார். பத்தரைக்கு பாயார் தீவு. மதியம் காற்று ஆறேழு நாட்டுக்கு இறங்கியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த இரண்டு படகுகள் பாயைச் சுருட்டி எஞ்சினைப் போட்டன. நாங்கள் ஜெனக்கரை, அதாவது மெல்லிய பெரிய முன்பாயை, ஏற்றினோம். மூன்று மணிக்கு முன்பே கூவா. எஞ்சின் ஓடியது புறப்படும்போதும் நங்கூரம் போடும்போதும் மட்டும்.

இத்தனை நேரமும் படகு இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. பன்னிரண்டு, பதினைந்து டிகிரி. அரிசியும் வெல்லமும் இருந்தது இடப்பக்க இருக்கைக்கு அடியில்.

சாயங்காலம் தங்கை மூடியைத் திறந்தாள். ஐந்து கிலோ அரிசிப் பை, கீழ்ப்பாதி ஊறி வெளுத்து, விரலால் அழுத்தினால் மாவாக நசுங்கியது. பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்த இரண்டு வெல்ல அச்சில் ஒன்றைக் காணவே இல்லை. பேப்பர் மட்டும் அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். வெல்லம் கரைந்து, பாகாகி, அந்தப் பெட்டியின் மூலையில் கறுப்பாக, வழவழவென்று, ஒரு கரப்பான் சகிதம் தேங்கிக் கிடந்தது. மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு டம்ளர். வழித்து எடுத்து அளந்து பார்த்தேன். வெல்லத்தோடு சேர்த்து ஒன்றேகால் டம்ளர்.

“அண்ணே, இவ்வளவு வெள்ளி போட்டு வாங்குன படகுல அரிசி வைக்க ஒரு காஞ்ச இடம் கிடையாதா?” என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கே போய் வெல்லம் தேடுவது? வரியில்லாத சாக்லேட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற தீவு அது. கடைசியில் ஒரு மலாய்க்காரரின் மளிகைக்கடையில் கூலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லம் கிடைத்தது. மிச்சமிருந்த ஒரு அச்சையும் அதையும் போட்டு, ஆடுகிற அடுப்பில் பொங்கல் வைத்தோம். நிறம் கறுத்து, கருப்பட்டி மணத்தோடு, சொல்லக் கூடாது, வீட்டில் வைப்பதைவிட நன்றாகவே இருந்தது. பொங்கி வழிந்த பால் எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழைய படகுகளுக்குத் தொப்பை உண்டு. தரைப்பலகைக்குக் கீழே ஒரு கிணறு இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை விழுங்கிவிட்டுச் சத்தம் போடாமல் இருக்கும். பம்ப் வேலை செய்யும்போதுதான் நமக்கே தெரியும். இப்போது கட்டுகிற வேகப் படகுகளுக்கு வயிறு ஒட்டிப்போய்விட்டது. அடி தட்டை, பலகைக்கும் படகின் தோலுக்கும் நடுவே நாலு விரல் இடம். அதிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். பம்ப் உறிஞ்சவேண்டுமானால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீராவது தேங்கி நிற்கவேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் அந்தத் தட்டையில் பரவினால் மில்லிமீட்டர் கணக்குதான். பம்ப் சும்மா காற்றைக் குடித்துக் கத்தும். படகு சாய்ந்ததும் அதே தண்ணீர் சட்டங்களில் இருக்கிற ஓட்டைகள் வழியே பக்கச் சுவரில் ஏறி, இருக்கைக்குப் பின்னால் போய், உங்களுக்கு எது பிடிக்குமோ அதை நனைக்கும். படகு நிமிர்ந்தால் திரும்பி வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது: பாய்மரம் கீல் வரை இறங்குகிற அமைப்பில் சிறிதளவு மழைநீர் உள்ளே வருவது இயல்பானது. இயல்பானதாம். அவர்கள் ஊர் மழை எனக்குத் தெரியும். தலையில் தூறிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிற மழை. பினாங்கில் அக்டோபர் மாதம் ஒரு சாயங்காலம் வந்து நின்றுவிட்டு அந்த மெயிலை எழுதட்டும்.

சரி, நியாயமாகப் பேசுகிறேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கே ஒன்றரை வருடம் ஆனது. முதல் வேலை, விரலைத் தொட்டு நாக்கில் வைப்பது. உப்பென்றால் கடல், கீல் போல்ட், செயில்டிரைவ் (படகின் அடியைத் துளைத்து இறங்கும் எஞ்சின் கால்) ரப்பர், கழிவறைக் குழாய் என்று பயப்படவேண்டியது. மூன்று ஆம்பளைகள் மண்டியிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் சுவைத்தோம். மச்சான், “உப்பில்ல. லேசா டீசல்” என்றார். டவ்கே, “சோயா சாஸ்” என்றார். உப்பில்லை என்பது மட்டும் உறுதி. அது பெரிய நிம்மதி. ஆனால் சந்தேகப் பட்டியல் நீண்டுவிட்டது. குடிதண்ணீர்த் தொட்டி, சுடுதண்ணீர்த் தொட்டியின் வால்வு, ஐஸ்பெட்டி, ஏர்கான். மரீனாவில் கரண்ட் போட்டு ஏர்கானை ஓடவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மணிக்கணக்கில் சொட்டும். அந்தக் குழாயும் பலகைக்கடியில்தான் முடிகிறது.

கடைசியில் கைகொடுத்தது டிஷ்யூ பேப்பர். ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே ஒரு துண்டு கிழித்துப் போட்டு, மேலே தேதி எழுதி வைத்தோம். எது முதலில் நனைகிறது என்று பார்க்க. ஒரு அக்டோபர் மாலை மழை பிடித்துக்கொண்டது. நான் மட்டும் படகில் இருந்தேன். பாய்மரம் கூரையைத் துளைத்துக்கொண்டு நடு அறைக்குள் இறங்குகிற இடத்தில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே பெய்வது ஒரு சத்தம். அலுமினியத்துக்குள் டொக், டொக், சொர்ர் என்று அது தனிச் சத்தம். மேலே ஹேலியார்டுகள் (பாய் ஏற்றும் கயிறுகள்) நுழைகிற துவாரங்கள் வழியே இறங்கி, ஒயர்களைப் பிடித்துக்கொண்டே வழிந்து, பாய்மரத்தின் காலடிக்கு வருகிறது. காலடியிலிருந்த டிஷ்யூ பத்து நிமிடத்தில் கஞ்சியாகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மழையில் நனைந்துகொண்டே வெளியே போய் மச்சானுக்குப் போன் செய்தேன்.

வைத்தியம் புதிதல்ல. பாய்மரத்தைக் கழற்றி, மேல்தட்டு மட்டத்துக்கு உள்ளே நுரைப்பஞ்சை அடைத்துத் தடுப்பு கட்டி, அதற்குச் சற்று மேலே வெளிப்பக்கம் ஒரு சிறு துளை போட்டு, வருகிற தண்ணீரை மேல்தட்டிலேயே வழியவிடுவது. ஆனால் கிரேன் வேண்டும், ஆள் வேண்டும். எப்படியும் படகைத் தூக்கி அடிக்குப் பெயின்ட் அடிக்கவேண்டிய நேரம் என்பதால் இந்த வருடம் சேர்த்தே செய்தோம். பாய்மர வேலைக்கு மட்டும் 4,800 வெள்ளி (ரிங்கிட்). ஒரு டம்ளர் தண்ணீருக்கு. பத்தொன்பது நாள் பலகைக்கடியில் தூசு பறந்தது. இருபதாவது நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கோபத்தில் எழுதினால் படகின் ஓட்டம் பற்றிச் சொல்லவேண்டியது விட்டுப்போகும். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் தம்பி அடிக்கடி இரவில் ஓட்டுகிறவர்.

இந்தப் படகு மெயினால் ஓடுகிற படகு. ஜிப் சின்னது. அதனால் நம் பழைய பழக்கம் ஒன்று இங்கே ஆபத்து. காற்று ஏறினால் முன்பாயைச் சுருட்டிவிட்டு, ரீஃப் போட்ட (கொஞ்சம் மடித்துக் கட்டிச் சின்னதாக்கிய) மெயினோடு நிற்பது நாங்கள் எல்லாரும் பழகியது. இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், பங்கோரிலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்தோம். விடிகாலை நாலரை மணி. மேற்கே நட்சத்திரங்கள் ஒரு கோடு போட்டதுபோல கீழிருந்து மேலாக அணைந்துகொண்டே வந்தன. பிறகு குளிர்ந்த காற்று ஒரு மூச்சு. சுமாத்ரா புயல்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்தப் பக்கம் ஓட்டுகிறவன் அந்தக் குளிரைத் தூக்கத்திலும் அறிவான். அவசரமாக இரண்டாம் ரீஃப் போட்டு, ஜிப்பை முழுக்கச் சுருட்டினேன். கருவியில் 34 நாட்.

படகு ஒன்பதரை நாட்டில் பாய்ந்தது, அதுவரை சந்தோஷம்தான். பிறகு ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கியது. அகன்ற பின்பக்கம், படகு சாய்ந்ததும் சுக்கானின் மேல்பாதி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. முழு பலத்தோடு சக்கரத்தைச் சுற்றினேன். கையில் ஒரு கனமும் தெரியவில்லை. கோயில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போவது மாதிரி படகு தன் போக்கில் காற்றைப் பார்த்துத் திரும்பி, பக்கத்தில் படுத்தது. மச்சான் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர் எதிர்ப்பக்க அலமாரியில் போய் விழுந்தார். ஷீட்டை விட்டதும் எழுந்துகொண்டது. ஒன்றும் உடையவில்லை, மச்சானின் மூக்குக்கண்ணாடியைத் தவிர.

அது என் பிழை, படகின் பிழை இல்லை. மெயின் மட்டும் இருந்தால் தள்ளுவிசை எல்லாம் பின்னால் போய்விடுகிறது, படகு காற்றுக்குள் திரும்பத்தான் பார்க்கும். இப்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு ஜிப்பை விட்டுவைக்கிறேன், மெயினை இன்னும் சீக்கிரம் குறைக்கிறேன். இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் சாயவிடுவதில்லை. அதற்கு மேல் சாய்ந்தால் வேகமும் வராது, சுக்கானும் பேசாது. டிராவலரை (மெயின் ஷீட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் வண்டி) இறக்கி, பேக்ஸ்டேயை இறுக்கி மெயினைத் தட்டையாக்கினால் பதினெட்டு நாட் வரை முழுப் பாயோடு ஒரு கையால் ஓட்டலாம். அதற்குப் பிறகு ஜூன் மாதம் வந்த இன்னொரு சுமாத்ராவில் ஒரு துளி டீ சிந்தவில்லை. அன்று படகை மன்னித்தேனா, என்னை மன்னித்தேனா தெரியாது. பலகைக்கடியில் ஒரு டம்ளர் இருந்தது.

எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் சேர்ந்து குட்டை அலை கிளம்பினால் முன்பக்கம் தட்டையாகப் போய் டமார் டமாரென்று மோதும். பல் ஆடும். ஐந்து டிகிரி விலகி ஓட்டினால் தீர்ந்தது. நங்கூரம் போட்ட இரவில் பின்பக்கத்துக்கு அடியில் சின்ன அலை வந்து பளார் பளாரென்று அறையும். இதற்குத் தீர்வே இல்லை. மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் போய் நின்றோம். சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பம் விளக்குகளோடு கடலில் மிதந்து வந்ததைப் படகிலிருந்தே பார்த்தது வாழ்நாள் காட்சி. அதன் பிறகு விடிய விடிய அறை வாங்கியதும் நினைவிருக்கிறது. பின் அறையில் படுத்த டவ்கே காலையில் என்னோடு பேசவில்லை.

2.3 மீட்டர் ஆழம் பற்றித் தம்பி தனியாகக் கேட்டார். கிள்ளானில் சேறு பார்த்தவருக்கு நான் என்ன சொல்ல? இங்கே பழைய பாலத்துக்கு வடக்கே நடுத்திட்டு ஒன்று இருக்கிறது, கடல்புல் முளைத்த சேற்றுத்திட்டு, வற்றம் அதிகமான நாளில் தலைகாட்டும். குறுக்கே போனால் இருபது நிமிடம் மிச்சம் என்று நான் நினைத்த ஒரு நாள், வடிகிற நீரில் போய் ஏறினேன். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மெதுவாக. பிறகு ஆறு மணி நேரம், பாலத்தில் போகிற லோரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, நாற்பது அடிப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. சாய்ந்து கிடந்த ஆறு மணி நேரமும் அந்த டம்ளர் தண்ணீர் சும்மா இருந்திருக்குமா? நிதானமாக ஏறிப் போய் பேட்டரி சார்ஜரைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு 1,900 வெள்ளி.

ராஜா மூடா சிலாங்கூர் ரெகாட்டா என்கிற பாய்ப்படகுப் பந்தயம் பற்றியும் கேட்டார். 1990இலிருந்து, வழக்கமாக நவம்பரில், நடக்கிறது: கிள்ளான் துறைமுகம், பங்கோர், பினாங்கு, லங்காவி. ஒரு வருடம் நாங்களும் போனோம். இரவில் காற்று செத்து, நீரோட்டம் எதிரே ஓடும்போது நங்கூரத்தைப் போட்டு நிற்கிறவன்தான் முன்னால் போகிறான். மற்றவன் பாயைத் தூக்கிக்கொண்டே பின்னால் போவான். இந்த மாதிரிக் கூத்துக்கு இந்தப் படகு பிறந்தது. ஒரு நாட் காற்று வந்தாலும் முதலில் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும். பரிசு எதுவும் கிடைக்கவில்லை, எங்களுக்கு வயசாகிவிட்டது. ஆனால் பங்கோர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, நாலு நாட் காற்றில் நாலு நாட் ஓட்டத்தில், யாரும் பேசாமல் போன அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டால், என் பங்கை யாருக்கும் விற்கமாட்டேன்.

அப்படியானால் வாங்கலாம் என்றுதானே அர்த்தம் என்பார் தம்பி. இல்லை. வேண்டாம். விலை இறங்கியிருப்பது உங்களுக்காக இல்லை, படகைத் தள்ளிவிட யாரோ தவிக்கிறார்கள் என்பதற்காக. கிள்ளானில் நீங்கள் நிறுத்தப்போகிற இடத்தில் வற்றத்தின்போது உங்கள் கீல் சேற்றில் நிற்கும். வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாரக்கடைசியில் போகிறவருக்குத் தொப்பையுள்ள படகுதான் லாயக்கு. எங்களிடமிருந்த 34 அடி லோரி இப்போது பத்து பகாட் என்கிற ஊரில் ஒருவரிடம் இருக்கிறது. விற்கிறாரா என்று கேட்டுச் சொல்கிறேன். அதில் அரிசி எத்தனை மூட்டை வைத்தாலும் காய்ந்தே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. பாய்மரத்தின் காலடி காய்ந்துதான் இருக்கிறது, துளை வழியே வெளியே ஒழுகிய தடமும் இருக்கிறது. அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. மச்சான் சுடுதண்ணீர் வால்வு என்கிறார். டவ்கே, நான் பலகையைத் தூக்கும்போதெல்லாம் என் வியர்வைதான் சொட்டுகிறது என்கிறார். நேற்று மறுபடி டிஷ்யூ கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொன்னாலும் லங்காவிக்கு நீங்கள் போவீர்கள் என்று தெரியும், தம்பி. போனால் பாயை ஏற்றிக் காட்டச் சொல்லாதீர்கள்; காற்றில் இறங்கிவிட்டால் பிறகு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவீர்கள். ஒரு டார்ச்லைட்டும் ஒரு ரோல் டிஷ்யூவும் கொண்டுபோங்கள். மேசைக்கு இடப்பக்கம், பாய்மரத்திலிருந்து மூன்றாவது பலகை. திருகு இருக்காது, வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். பக்கச் சுவர் ஓட்டை வரைக்கும் கையை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். காய்ந்திருந்தால், அங்கே கடைசியாக மழை எப்போது பெய்தது என்று விற்கிறவரைக் கேளுங்கள்.